சுரங்க ரயிலில் ஓர் ஓவியர்: மூன்று கோடிப் பேர் எதைப் பார்த்தார்கள்?

டெவன் ரோட்ரிகஸின் காணொளிகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. இசை நின்றதும் எலும்புக்கூடு தெரிகிறது. நியூயார்க் சுரங்க ரயிலின் ஒரு பெட்டி. எதிர் இருக்கையில் யாரோ ஒருவர், கைப்பேசியிலோ தன் யோசனையிலோ மூழ்கியிருக்கிறார். பென்சில் பிடித்த கை. தாளின் ஒரு மூலை. மறுபடி அந்த முகம். மறுபடி கை. பிறகு ஓவியர் எழுந்து போய்த் தாளை நீட்டுகிறார். வாங்கியவர் முதலில் தாளைப் பார்க்கிறார், அடுத்து ஓவியரை, அடுத்து மறுபடி தாளை. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. அவ்வளவுதான். பல காணொளிகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

2020இல் டிக்டாக்கில் இந்த வடிவத்தைக் கண்டுபிடித்த ரோட்ரிகஸுக்கு, 2023 வாக்கில் அந்த ஒரு தளத்திலேயே மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்வோராக இருந்தார்கள். சமூக ஊடகத்தில் உலகிலேயே மிக அதிகம் பேர் பின்தொடரும் ஓவியர் என்று பத்திரிகைகள் எழுதின. வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் ஜோ பைடனை உட்கார வைத்து வரைந்தார். அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஓவியர்கள் கூடும் இடங்களில் இவர் பெயர் அடிபட்டால் உடனே வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எத்தனை மணிக்குப் பதிவிட வேண்டும்? வாரத்துக்கு எத்தனை? எந்தப் பாட்டைப் பின்னணியில் போட்டால் ஓடும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டுவிடலாம். என்னைக் குடைவது வேறு கேள்வி. இத்தனை பேரும் எதைப் பார்க்க வந்தார்கள்? ஓவியத்தையா? ரோட்ரிகஸ் ஏறிய ஏணியும், பிற்பாடு அவர் தடுக்கிய படியும் இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கின்றன.

காணொளிக்கு முந்தைய பத்தாண்டு

"ஒரே இரவில் புகழ்" என்று சொல்லப்படும் கதைகளில் முதலில் தேடவேண்டியது அந்த இரவுக்கு முந்தைய பகல்களை. ரோட்ரிகஸ் 1996இல் பிறந்தவர். வளர்ந்தது தெற்கு பிராங்க்ஸ். நியூயார்க்கின் வறிய பகுதிகளில் ஒன்று அது. சிறுவயதில் நண்பர்களோடு சுவர்களில் கிராஃபிட்டி வரைந்தவர் பிறகு முகங்களுக்கு மாறினார். மன்ஹாட்டனில் கலைக்கென்றே இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி முதல் முறை அவருக்கு இடம் தரவில்லை. வேறு பள்ளியில் சேர்ந்து, மாதிரிப் படங்களைத் திரட்டி, மறுபடி விண்ணப்பித்துத்தான் உள்ளே போனார். ரயில் பயணிகளை வரையும் பழக்கம் பிடித்தது அந்த வயதில்தான். மாடலுக்குப் பணம் கொடுக்க வசதியில்லாத மாணவனுக்கு ரயில் பெட்டியைவிடச் சிறந்த ஓவியக்கூடம் எது? ஒரு டிக்கெட் விலைக்கு விதவிதமான முகங்கள், அதுவும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முகங்கள்.

பிறகு எண்ணெய் வண்ணத்தில் சுரங்க ரயில் காட்சிகளைப் பெரிய கேன்வாஸ்களில் தீட்டினார். தெற்கு பிராங்க்ஸ் மக்களின் முகங்களை 1979 முதல் அச்செடுத்துச் சிற்பமாக்கிவந்த ஜான் அஹெர்ன் என்ற சிற்பி, இளைஞனான ரோட்ரிகஸையும் சிற்பமாக்கினார். ரோட்ரிகஸ் பதிலுக்கு அந்தச் சிற்பியை ஓவியமாக வரைந்தார். அந்த ஓவியம் வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்பட அருங்காட்சியகம் 2019இல் நடத்திய போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்து, அங்கே காட்சிக்கும் வைக்கப்பட்டது.

அதாவது, கைப்பேசியை ரயிலுக்குள் தூக்கிப் பிடிப்பதற்கு முன்பே அவர் கை தேர்ந்துவிட்டது. நாட்டின் முக்கியமான ஓர் அருங்காட்சியகத்தின் சுவரையும் அவர் படம் பார்த்துவிட்டது. ஆனால் அந்தச் சுவர் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோகவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

ஒளித்துவைத்த கேமரா, நீட்டிய தாள்

சுரங்க ரயில் பயணிகளைப் படமாக்குவது நியூயார்க்கில் பழைய கலை. ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவான்ஸ் 1938 முதல் 1941 வரை, கோட்டுக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை அவர்கள் அறியாமல் படமெடுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதர்கள் முகமூடியைக் கழற்றி வைக்கிறார்கள். அந்த முகம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. எடுத்த படங்கள் புத்தகமாக வந்தது 1966இல். இருபத்தைந்து ஆண்டுகள் அவர் காத்திருந்தார்.

எவான்ஸின் பயணிகளுக்குத் தாங்கள் படமானது கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் படமே இல்லை. ரோட்ரிகஸின் காணொளியில் எல்லாமே அதற்குத் தலைகீழ். பயணிக்குத் தெரியவரும் அந்த நொடிதான் சரக்கு. அதற்கு முன்னால் வருவதெல்லாம் அந்த நொடிக்குப் போட்ட மேடை. ஒருவர் தான் பார்க்கப்பட்டதை அறிகிறார். அதுவும் ஒரு பெருநகரத்தில், எதிரில் இருப்பவரின் கண்ணைச் சந்திக்காமல் இருப்பதே நாகரிகம் என்று பழகிய இடத்தில்.

அதோடு காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2020 வசந்தத்தில் கொரோனாவால் நியூயார்க் சுரங்க ரயிலின் பயணிகள் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் ரயில் என்று பெருமை பேசிய ஊர், மே மாதம் முதல் இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அதை நிறுத்தியது. முகக்கவசம் கட்டாயம். மனிதர்கள் ஒருவரையொருவர் கண்டு விலகி உட்கார்ந்த அந்தக் கோடையில், ஓர் இளைஞர் எழுந்து போய், "உங்களை வரைந்தேன்" என்று தாளை நீட்டுகிறார். ஆகஸ்ட் மாதத்தில் அப்படி ஒரு காணொளி தீப்பிடித்ததுபோல் பரவியது. பார்த்தவர்கள் மில்லியன் கணக்கில். அவர் அன்றுவரை போட்டுவந்த முடிந்த ஓவியங்களின் படங்களுக்கு இதில் ஒரு சிறு பங்குகூடக் கிடைத்ததில்லை.

தளம் என்ன செய்தது

டிக்டாக்கின் பங்கையும் சொல்லவேண்டும். ஆனால் அதை மாயமந்திரமாக்க வேண்டியதில்லை. 2020 ஜூன் 18 அன்று அந்நிறுவனமே தன் பரிந்துரை முறையை விளக்கி ஒரு குறிப்பு வெளியிட்டது. ஒருவருக்கு எத்தனை பின்தொடர்வோர் என்பதோ, அவருடைய பழைய காணொளிகள் ஓடினவா என்பதோ நேரடிக் கணக்கில் சேராது என்றது. சற்று நீளமான காணொளியை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாரா என்பது வலுவான அறிகுறி என்றது. இந்த இரண்டு வாக்கியங்களும் ஓர் ஓவியருக்குப் போதும். முதல் வாக்கியம், பெயரில்லாதவனுக்கும் கதவு திறந்திருக்கிறது என்கிறது. இரண்டாவது, பார்ப்பவனைக் கடைசி நொடிவரை பிடித்து வை என்கிறது.

முடிந்த ஓவியத்தின் படம் இந்த இரண்டாவது தேர்வில் தோற்றே தீரும். அதில் கடைசி நொடி என்று ஒன்று இல்லை. முதல் பார்வையிலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறது. நின்று நோக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் மணிக்கணக்கில் விஷயம் இருக்கலாம். கட்டைவிரல் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை.

மார்கழிக் காலையில் தெருவில் நடப்பவர், புள்ளி வைத்து முடித்து முதல் வளைவு இழுக்கப்படும் நேரத்தில் ஒரு கோலத்தைக் கடந்தால் நடை தானாகத் தளரும். இந்தப் புள்ளியை எப்படிச் சுற்றிவரப்போகிறாள், வந்த கோடு எங்கே போய் மூடும் என்று பார்க்காமல் நகர முடியாது. அதே கோலம் முடிந்து காய்ந்து கிடந்தால் மிதிக்காமல் ஒதுங்கிப் போவோம், அவ்வளவுதான். சுவரில் கட்சி விளம்பரம் எழுதுபவர் பின்னால் நின்று, அடுத்து எந்த எழுத்து வரும் என்று ஊகித்த சிறுவர்களில் நானும் ஒருவன். எழுதி முடித்த சுவரை நின்று படித்ததாக நினைவே இல்லை. முடியாத வேலைக்குக் கூட்டம் சேரும். இது கைப்பேசி கற்றுக்கொடுத்த பாடம் இல்லை. கைப்பேசி அதைக் கணக்கெடுக்கிறது.

ஆனால் கோலத்தோடு நின்றிருந்தால் ரோட்ரிகஸ் ஆயிரத்தில் ஒருவராக இருந்திருப்பார். வெற்றுத் தாளில் உருவம் முளைக்கும் காணொளிகள் அன்றைக்கே மலிந்து கிடந்தன. ஓஹாயோவில் பெயின்ட் கடை ஒன்றில் பகுதிநேர வேலை பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர், வாளியில் வண்ணம் கலப்பதை மட்டுமே காட்டிப் பத்து லட்சத்துக்கு மேல் பின்தொடர்வோரைச் சேர்த்தார். (அதற்குக் கடை அவரை வேலையை விட்டு நீக்கியது. இலவசமாகக் கிடைத்த விளம்பரத்தை இப்படி எட்டி உதைத்த வணிகர்களை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.)

மூன்றாவது முகம்

ரோட்ரிகஸின் காணொளியில் முடிச்சு ஒன்றில்லை, இரண்டு. படம் எப்படி வரும் என்பது முதல் முடிச்சு. அவர் என்ன சொல்வார் என்பது இரண்டாவது. முதல் முடிச்சு அவிழும் இடத்திலேயே இரண்டாவது இறுகுகிறது. தாள் முழுதாகத் தெரியும்போது பார்ப்பவரின் கண் அதில் நிலைப்பதற்குள், கேமரா பயணியின் முகத்துக்குத் தாவிவிடுகிறது. எடுத்தவரின் கைவண்ணம் இதில்தான். ஓவியம் நல்லது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த முகம் சொல்லிவிடுகிறது. ஓவியம் தெரியாதவருக்கு முகம் தெரியும். பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

இதனால் ஒரு சிக்கலும் தீர்ந்தது. தன் வேலையைத் தானே புகழ்ந்துகொள்ளும் கூச்சம் எந்தக் கலைஞனுக்கும் உண்டு. இங்கே புகழ்வது வேறொருவர். அதுவும் முன்பின் தெரியாதவர். அதுவும் சொல்லால்கூட இல்லாமல். பார்ப்பவர்கள் ஓவியரின் பக்கம் உட்கார்ந்து, அவருடைய படபடப்பைத் தாங்களும் பட்டு, தாளை நீட்டும்போது தாங்களும் நீட்டுகிறார்கள். கொடுப்பவனின் மகிழ்ச்சி அவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. காசு வாங்காமல் கொடுப்பது இதில் சின்ன விவரம் அல்ல. நம் ஊர்ப் பொருட்காட்சியில் ஐந்து நிமிடத்தில் உருவம் வரைந்து தரும் ஓவியரும் இதே வேலையைச் செய்கிறார். அங்கே தாளை வாங்குபவர் பணப்பையைத் திறந்துகொண்டே படத்தைப் பார்க்கிறார். முகம் அப்படித் திறப்பதில்லை.

இடமும் சேர்ந்து உழைத்தது. ரயில் பெட்டி என்றால் அடுத்த நிலையத்தில் அந்த மனிதர் இறங்கிவிடலாம். கடிகாரம் எதையும் திரையில் ஓட்டத் தேவையில்லை, பெட்டியே கடிகாரம். நியூயார்க் போக்குவரத்து விதிகளின்படி ரயிலில் படமெடுக்கலாம், ஆனால் கேமரா நிறுத்தும் முக்காலி, விளக்கு போன்றவை கூடாது. எனவே ஆடும் கைப்பேசி, பச்சை பூத்த குழல்விளக்கு வெளிச்சம். உண்மை என்று நம்ப வைக்க இதைவிட நல்ல அலங்காரம் கிடையாது. காணொளிகள் பெருகியபோது, இவற்றில் எத்தனை முன்கூட்டியே பேசிவைத்து எடுத்தவை என்ற சந்தேகமும் எழுந்தது. பயணிகளோடு உரையாடல் நீண்டது, ஒலி தெளிந்தது, பிரபலங்கள் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. ஒருவரின் முகத்தைக் கோடிப் பேருக்குக் காட்டும்முன் அவரிடம் கேட்பதுதான் முறை. ஆனால் கேட்டுவிட்டு எடுத்தால், முதல் காணொளிகளை ஓடவைத்த அந்தத் திடுக்கிடல் மிச்சமிருக்காது. நேர்மைக்கும் வடிவத்துக்கும் நடுவே இருக்கும் இந்த இழுபறி, இந்த வகைக் காணொளி எடுக்கும் யாருக்கும் வரும்.

இன்னொன்று: அவர் வடிவத்தை மாற்றவில்லை. ஒரே ரயில், ஒரே தாள், ஒரே முடிவு. மாறுவது முகம் மட்டும். ஓவியர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். தினம் ஒரு பாணியை முயல்வதுதான் அவர்களுக்கு வளர்ச்சி. பார்வையாளர்களுக்கு அப்படி அல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வரும் நேரம் தெரிந்துதான் காத்திருக்கிறார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக

பார்வைகள் நேரடியாகத் தரும் பணம் பெரிதாக எண்ணத்தக்கது அல்ல. டிக்டாக் 2020இல் அமெரிக்காவில் 20 கோடி டாலர் நிதி ஒன்றை அறிவித்துப் படைப்பாளிகளுக்குப் பகிர்ந்தது; பகிரப்படுவோர் பெருகப் பெருகத் தலைக்கு வருவது சுருங்கும் என்பது சிறுபிள்ளைக் கணக்கு. யூடியூப் ஷார்ட்ஸ் 2023 பிப்ரவரி முதல் விளம்பர வருவாயில் 45 சதவீதத்தைப் படைப்பாளிகளுக்குத் தருகிறது. ஆனால் ஷார்ட்ஸ் வழியே அந்தப் பங்குக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்களும் 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகளும் வேண்டும். படம் வரைபவர் ஒருவர் இப்படி ஒரு கோடியைத் துரத்தினால் படம் எப்போது வரைவது? இந்த உலகில் ஓவியர்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் விளம்பர ஒப்பந்தங்கள், சொல்லிச் செய்யும் வேலைகள், வகுப்புகள்.

படி தடுக்கிய இடம்

2023இல், ஹாலிவுட்டின் பெரிய முகவர் நிறுவனங்களில் ஒன்றான யூடிஏவின் கலைப்பிரிவு, மன்ஹாட்டனின் செல்சி பகுதியில் ரோட்ரிகஸின் தனிக் கண்காட்சியை நடத்தியது. சுரங்க ரயில் பயணிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள். கைப்பேசியில் கண்ட ஓவியரைக் கண்ணால் காண மக்கள் வந்தார்கள்.

அங்கே வந்தவர்களில் ஒருவர் ஆர்ட்நெட் இதழின் கலை விமர்சகர் பென் டேவிஸ். அவர் எழுதிய விமர்சனத்தை வசை என்று சொல்ல முடியாது. ரோட்ரிகஸின் தொழில்திறனை அவர் மறுக்கவில்லை. காணொளிகளில் இருக்கும் உயிர் இந்தக் கேன்வாஸ்களில் இல்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். தாளை நீட்டும் அந்தப் பரிமாற்றத்தில்தான் அவருடைய கலை நடக்கிறது; சுவரில் மாட்டியபின் மிஞ்சுவது திறமையான, ஆனால் தனித்துச் சொல்ல ஏதும் இல்லாத தத்ரூப ஓவியம் என்றார்.

ரோட்ரிகஸுக்குக் கோபம் வந்தது. தன் பக்கங்களில் அந்த விமர்சகரைத் தாக்கிப் பதிவிட்டார். அடுத்து நடந்ததை ஊகிப்பது கடினமல்ல. மூன்று கோடியில் ஒரு துளி திரண்டாலும் அது பெருவெள்ளம்தான். டேவிஸின் பக்கங்களில் வசைகள் வந்து குவிந்தன. அந்த அனுபவத்தையே அவர் இன்னொரு கட்டுரையாக எழுதினார். கண்காட்சியைவிட அந்தச் சண்டை பெரிய செய்தியானது.

பலர் இதை இளம் கலைஞனின் முதிர்ச்சியின்மை என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. விமர்சனத்துக்குக் கொதித்த ஓவியர்கள் வரலாற்றில் உண்டு. விமர்சகர் ஜான் ரஸ்கின் மீது ஓவியர் விஸ்லர் 1878இல் அவதூறு வழக்கு நடத்தி, வென்று, நட்ட ஈடாக ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னிக் காசு பெற்று, திவாலானார். கோபம் பழையது. புதிது, திரண்டு வந்த படையின் தன்மை. அவர்கள் காக்க வந்தது ஓவியத்தை அல்ல, ஒரு மனிதரை. பரிசு கொடுக்கும் அந்த நல்ல பையனை. அந்தக் கேன்வாஸ்கள் பற்றி விமர்சகர் சொன்னது சரியா தவறா என்று பேச அந்தக் கூட்டம் சேர்க்கப்படவே இல்லை. சேர்த்த வடிவம் அப்படி. கேமரா தாளில் நிலைக்காமல் முகத்துக்குத் தாவிய ஒவ்வொரு முறையும், ஓவியத்தைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத் தரப்படாமலே போயிற்று. அருங்காட்சியகச் சுவர் அவருக்கு மதிப்பைத் தந்தது, மக்களைத் தரவில்லை. காணொளி மக்களைத் தந்தது. அவர்களை மறுபடி சுவருக்கு முன்னால் நிறுத்த முயன்றபோதுதான் இரண்டும் வெவ்வேறு கடைகள் என்று தெரிந்தது.

இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1983 முதல் 1994 வரை, அரை மணி நேரத்துக்கு ஒரு நிலக்காட்சி என்று 403 நிகழ்ச்சிகளில் வரைந்து காட்டிய பாப் ராஸ். அவர் இறந்து இருபதாண்டுகள் கழித்து, 2015இல், நேரலைக் காணொளித் தளமான ட்விட்ச் அத்தனையையும் தொடர்ந்து ஒளிபரப்பியபோது லட்சக்கணக்கில் புதியவர்கள் பார்த்தார்கள். ஆனால் அவருடைய தொழில் ஓவியம் விற்பது அல்ல. தூரிகை, வண்ணம், பயிற்சி வகுப்பு விற்பது. செய்முறையைக் காட்டிச் சேர்த்த கூட்டத்துக்குச் செய்முறையையே விற்றார். அவருக்கும் அவருடைய பார்வையாளர்களுக்கும் நடுவே இந்த விஷயத்தில் மனத்தாங்கல் வர வழியே இல்லை.

இங்கே

ரோட்ரிகஸின் காணொளி பரவிய அந்த ஆகஸ்டில் இந்தியாவில் டிக்டாக் இல்லை. டிக்டாக் தன் பரிந்துரை முறையை விளக்கிய பதினோராம் நாள், 2020 ஜூன் 29 அன்று, மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. சுமார் 20 கோடி இந்தியர்கள் பயன்படுத்திய தளம் இரவோடு இரவாகப் போனது. அங்கே ஆள் சேர்த்து வைத்திருந்த நம் ஓவியர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே சோதித்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் வெள்ளோட்டம் விடப்பட்டது. கூட்டம் இடம் மாறியது. ஒவ்வொருவரும் சேர்த்த பெயர் பட்டியல் கூடவே இடம் மாறவில்லை, அழிந்தது. அமெரிக்கர்களுக்கு இந்த அச்சம் புரிய 2025 ஜனவரி 18 இரவு வரவேண்டியிருந்தது. அன்று டிக்டாக் அங்கேயும் அணைந்து, மறுநாள் திரும்ப எரிந்தது. வாடகை வீட்டில் ஆணி அடித்து மாட்டிய படங்கள் இவை. தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ வாங்கி வைத்திருந்தவர்கள் மட்டும் வாடிக்கையாளர்களைத் தக்கவைத்தார்கள்.

நம் ஓவியர்கள் அதுவரை பெரிதும் நம்பியிருந்தது இன்ஸ்டாகிராமின் ஒளிப்படப் பக்கத்தை. அந்த நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசேரி 2021 கோடையில், தாங்கள் இனி ஒளிப்படம் பகிரும் செயலி அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். அசையாத படத்தை வைத்திருந்தவர்களுக்கு அது வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன மாதிரி.

எனக்குத் தெரிந்த தஞ்சாவூர் ஓவியர் ஒருவர், கண்ணாடி போட்ட படங்களை வருடக்கணக்கில் பதிவிட்டுவந்தார். உறவினர்கள் மட்டும் கைகூப்பும் குறி போடுவார்கள். ஒரு நாள் அவர் மகள், அப்பா தங்க ரேக்கு ஒட்டுவதைக் கிட்ட வைத்துப் படமெடுத்துப் போட்டாள். மூச்சு பட்டால் பறந்துவிடும் ரேக்கை இடுக்கியால் எடுத்து வைத்து, பஞ்சால் ஒற்றி, கல் பதித்த விளிம்பைச் சுற்றி மெல்ல அழுத்தும் காட்சி. கூட்டம் வந்தது. அவரும் மகிழ்ந்தார். சில வாரங்கள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "எல்லாரும் ரேக்கு எங்கே கிடைக்கும்னு கேட்கிறாங்க தம்பி. கிளாஸ் எடுப்பீங்களான்னு கேட்கிறாங்க. படம் என்ன விலைன்னு ஒருத்தர்கூடக் கேட்கலை" என்றார். குரலில் இருந்தது வருத்தமா வியப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவரிடம் பாப் ராஸ் கதையைச் சொன்னேன். மறு மாதமே சனிக்கிழமை வகுப்பு தொடங்கினார். படம் விற்கவேண்டும் என்றால் வேறு காணொளி எடுக்கவேண்டும் என்றும் சொன்னேன். ஒரு குடும்பம் கேட்டு வாங்கிய குலதெய்வப் படத்தைத் துணி விலக்கிப் பார்க்கும் நேரம். அந்த வீட்டுப் பெரியவர் சம்மதித்தால் மட்டும். அதோடு, முகத்துக்குத் தாவும்முன் கேமரா படத்தின்மேல் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும், எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். முதல் யோசனை அவருக்குப் பிடித்தது. இரண்டாவதை மகள் ஏற்கவில்லை. அப்படி நிறுத்தினால் பார்ப்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள். அவள் சொன்னது தவறு என்று என்னால் வாதாட முடியவில்லை.

ரோட்ரிகஸின் ரயிலுக்கே திரும்புகிறேன். காணொளி முடியும்போது தாள் அவரிடம் இருப்பதில்லை. வரையப்பட்டவர் அதைச் சுருட்டியோ பைக்குள் நழுவவிட்டோ தன் நிலையத்தில் இறங்கிப் போய்விடுகிறார். கோடிப் பேர் அதைக் கண்டது ஓரிரு நொடிகள். பிராங்க்ஸிலோ குயின்ஸிலோ ஒரு வீட்டில், குளிர்பெட்டிக் கதவில், காந்த வில்லைக்கு அடியில் அது இப்போதும் இருக்கலாம். மூக்கின் நிழலைச் சரியாகப் போட்டிருக்கிறானா, காது கொஞ்சம் பெரிதாகிவிட்டதா என்று பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்க முடிகிறவர் அந்த வீட்டுக்காரர் ஒருவர்தான்.